சுவருக்கு இரண்டு பக்கமும் பிள்ளையார்

எங்கள் காலனியில் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்க வேண்டுமென்றாலும் வண்டியை எடுக்க வேண்டும். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மனை போட்டு விற்ற காலத்திலேயே, இங்கே வீடுகள் மட்டும்தான், கடைகண்ணிக்கு இடமில்லை என்று தீர்மானம் செய்துவிட்டார்களாம். 'ப்யூர்லி ரெசிடென்ஷியல்' என்று எங்கள் ஆட்கள் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வழியும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பால் பாக்கெட்டுக்கு வண்டி, பேனா ரீஃபிலுக்கு வண்டி, பெருங்காயம் தீர்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வண்டி. இதில் என்னய்யா பெருமை?

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இருப்பது காட்டில் இல்லை. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, கூப்பிடு தூரத்தில். நான் தோசை வார்க்கும்போது எலெக்ட்ரிக் ட்ரெயின் கிளம்புகிற சத்தம் சமையலறைக்குள் கேட்கும். காற்று இந்தப் பக்கம் வீசினால் ஸ்டேஷன் அறிவிப்புகூடக் கேட்கும். ஆனால் அந்த ட்ரெயினைப் பிடிக்க, காலனியின் நுழைவு வளைவு வழியாக வெளியே வந்து, மெயின் ரோட்டில் ஏறி, நெரிசலில் ஊர்ந்து, ஒரு யூ டர்ன் அடித்து, அந்தப் பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்து போக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதை நாங்கள் தினமும் பெட்ரோல் ஊற்றிச் செய்துகொண்டிருந்தோம்.

காரணம், எங்கள் தெருக்கோடியில் நின்ற ஒரு சுவர். ஆளுயரத்துக்கு மேல், அகலமாக, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. தெரு போய் முட்டுகிற இடத்தில் பிள்ளையாரை உட்கார வைப்பது நம்ம வழக்கமாயிற்றே. எங்கள் காலனியும் வைத்திருந்தது. சுவரில் முதுகு சாய்த்தபடி, டைல்ஸ் ஒட்டிய சின்னக் கோயில், கிரில் கதவு, சீரியல் பல்பு. காலையில் ஒவ்வொருவராக வண்டியில் தெருக்கோடி வரைக்கும் போவார்கள். இன்ஜினை அணைக்காமலே ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி வளைவு வரைக்கும் வருவார்கள். பிள்ளையார் எத்தனை வருஷம் சைலன்சர் புகையை முகர்ந்தாரோ, பாவம்.

எனக்கும் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் நான். சானடோரியத்திலிருந்து ரெண்டாவது ஸ்டேஷன். ஸ்கூட்டரை ஸ்டேஷனில் போட்டுவிட்டு ட்ரெயினில் போவேன். பல வருஷம் இப்படியே ஓடியது. திடீரென்று கண் டாக்டர், "உங்க இடது கண்ணுல ஓரப் பார்வை குறைஞ்சுடுச்சும்மா. இனிமே டூவீலர் ஓட்டாதீங்க" என்றார். மருந்து விட்டால் இதற்கு மேல் குறையாது, படிக்கலாம், எழுதலாம், மைக்ராஸ்கோப்பில்கூடப் பார்க்கலாம், வண்டி மட்டும் கூடாது. நல்ல செய்திதானே என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில்தான் விஷயம் உறைத்தது. ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது?

அன்றைக்கு என் வாழ்க்கைக்குள் நுழைந்தது 'டிராப்' என்ற வார்த்தை. என் கணவருக்கு வேலை சிறுசேரியில். எனக்கு நேரெதிர் திசை. என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து, மேடவாக்கம் போய் அவர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தினமும் கேட்டில் நின்று ஹாரன் அடிப்பார். நான் ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் பையுமாக ஓடுவேன். டிபன் பாக்ஸை மறந்தால் மறந்ததுதான், திரும்ப முடியாது. நல்ல மனுஷர், வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் ஹெல்மெட்டை மாட்டுகிற விதத்திலேயே ஒருவருடைய மனசு தெரிந்துவிடும்.

ஆட்டோ என்பீர்கள். புக் செய்தால், "எங்க மேடம் போணும்?" என்று போன் வரும். சானடோரியம் என்றதும் கட். இந்தக் கிட்டத்துக்கு யார் வருவார்கள்? சரி, நடப்போம் என்று ஒருநாள் ரோஷமாகக் கிளம்பினேன். மெயின் ரோட்டில் நடைபாதை என்று ஒன்று இருந்தால்தானே. இருந்த இடத்தில் பைக் நின்றது, பைக் இல்லாத இடத்தில் பள்ளம் இருந்தது. இடதுபக்கத்திலிருந்து ஒரு தண்ணி லாரி வந்தது எனக்குத் தெரியவே இல்லை. யாரோ ஒரு அம்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலியா உனக்கு?" என்று திட்டினாள். மகராசி, நன்றாக இருக்கட்டும். வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி அன்றைக்கு லீவு போட்டேன்.

அதற்கப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார். "ஏம்மா, இவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்கு? வேலையை விட்டுடேன்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வெங்காயத் தோலை முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பிள்ளையின் வாயிலிருந்து ஒரு "ஐ!" வரும். அந்த "ஐ!"க்காகத்தான் நான் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறேன். அதை ஒரு டிராப்புக்காக விட வேண்டுமா? ஸ்டேஷன் சத்தம் காதில் விழுகிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு? அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பே போடவில்லை நான். வேண்டுமென்றேதான்.

ஆனாலும் அவர் பாதி நாள் பஸ்ஸைத் தவறவிடுவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நாள் பிடிவாதம் பிடிப்பது? ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேச்சை எடுத்தேன். அவர் சங்கடப்பட்டார். "மேடம், ஆண்டுத் தேர்வு முடியற வரைக்கும் யோசிங்க. விடறதா இருந்தா அப்போ எழுதிக் கொடுத்துடுங்க. நான் வேற ஆள் பார்க்கணும் இல்லையா?" என்றார். ஆக, தேர்வு முடிவதற்குள் எனக்கு ஒரு வழி பிறக்க வேண்டும். நிஜமாகவே ஒரு வழி. கால் வைத்து நடக்கிற வழி.

பொங்கல் முடிந்த கையோடு, நகரத் திட்டத்துக்காகக் கணக்கெடுக்கிறோம் என்று ஒரு சின்னப் பெண் வந்தாள். முதுகில் பை, தலையில் தொப்பி, வெயிலில் கறுத்த முகம். ஒவ்வொரு வீடாக, ஸ்டேஷனுக்கு எப்படிப் போகிறீர்கள், கடைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டாள். மாட்டிக்கொண்டாள் என்னிடம். உட்கார வைத்து மோர் கொடுத்து, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். வண்டிப் புகையைக் குறைக்கப் போகிறீர்களாமே, எங்களையெல்லாம் வண்டி ஓட்டாதே என்று சொல்லத்தானே வந்திருக்கிறாய் என்று வம்பும் இழுத்தேன்.

"இல்ல ஆன்ட்டி," என்று சிரித்தாள். "புகையைக் குறைக்கணும்னா முதல்ல சுத்தறதைக் குறைக்கணும். வீடு இங்க, கடை அங்க, ஸ்டேஷன் பக்கத்துல, ஆனா போக வழி இல்ல. இப்படி ஊரைக் கட்டிவெச்சுட்டு, ஜனங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? நடக்க வழி இருந்தா நீங்களே வண்டியை எடுக்க மாட்டீங்க."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கையோடு தெருக்கோடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினேன். அவள் பிள்ளையாரைக் கும்பிட்டாள். சுவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தச் சுவர் யாருது ஆன்ட்டி?"

"அந்தப் பக்கத்து ஊர்க்காரங்களது" என்றேன். அதுதானே எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் இருப்பது பழைய கிராமம். ஒரு காலத்தில் இந்த நிலமெல்லாம் அவர்கள் வயல். காலனி வந்ததும் அவர்கள் தங்கள் எல்லையை அடைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள், நாம் அதில் கை வைத்தால் பெரிய வம்பாகும். நான் குடிவந்த நாளிலிருந்து கேட்கிற கதை. பக்கத்து வீட்டில் விசாரித்தோம், அதேதான் சொன்னார்கள். அசோசியேஷன் செக்ரட்டரி சாரும் அடித்துச் சொன்னார்.

"அவங்ககிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

செக்ரட்டரி சார் என்னைப் பார்த்தார். நான் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பிள்ளையாரைப் பார்த்தார். கேட்டதே இல்லை, ஒருத்தரும்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரை நச்சரித்து வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். வளைவு, மெயின் ரோடு, யூ டர்ன் எல்லாம் தாண்டி அந்தப் பக்கத்துத் தெருவுக்குள் போனோம். அடேயப்பா, என்ன கலகலப்பு! இட்லிக் கடை, தையல் கடை, காய்கறி, செல்போன் ரீசார்ஜ், எல்லாம் வரிசையாக. ஒரு மாவு மில்லைத் தாண்டியதும் தெரு ஒரு சுவரில் போய் முட்டியது. எங்கள் சுவரின் மறுபக்கம்.

அங்கேயும் ஒரு பிள்ளையார்! தகரக் கூரை, மஞ்சள் துண்டு, அருகம்புல் மாலை. சுவரில் முதுகு சாய்த்து, எங்கள் பிள்ளையாரின் முதுகோடு முதுகாக, ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

மாவு மில்லிலிருந்து தலையெல்லாம் வெள்ளையாக ஒரு அக்கா எட்டிப் பார்த்தார். மில் அவருடையதுதான். "இன்னாம்மா, யாரு வோணும்?"

காலனியிலிருந்து வருகிறோம் என்றேன். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. "இன்னா, இன்னும் ஒசரமா ஏத்தப் போறீங்களா சொவுர?"

"உங்க சுவரை நாங்க ஏன் ஏத்தப் போறோம்?"

"எங்க சொவுரா?" அக்கா இடுப்பில் கை வைத்தார். "நல்லா கீதும்மா உன் நாயம்! நீங்க வந்து கட்னதுதான இது? ஆடு மாடு வருது, ஜனங்க வருதுன்னு அடிச்சிகினு? படிச்சவங்க சொவுரு, கைய வெச்சா பேஜாராப் பூடும்னு எங்க ஆளுங்க இத்தினி வருசமா கம்முனு கீறாங்க. எங்க வூட்டு ஆளுங்க வேலைக்கு உங்க காலனி வர்றதுக்குக்கூட ஷேர் ஆட்டோ புடிச்சி சுத்திகினு வர்து, தெரியுமா?"

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது அவர்தான். தெருவில் நின்று, ஹெல்மெட்டோடு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் அக்காவும் சிரிக்க ஆரம்பித்தார். மாவு பறந்தது. நாங்கள் அவர்களுடையது என்று பயந்தோம், அவர்கள் எங்களுடையது என்று பயந்தார்கள். அவரவர் பக்கத்துக்கு அவரவர் வெள்ளையடித்து, அவரவர் பிள்ளையாரை வைத்து, யாருடையதுமில்லாத ஒரு சுவரைப் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறோம். மனை விற்றவர் ஏதோ தற்காலிகமாகக் கட்டிவிட்டுப் போயிருப்பார் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அவரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்க ஆளில்லை.

அடுத்த வாரம் காலனி மீட்டிங். கணக்கெடுக்க வந்த பெண்ணும் வந்தாள். நான் மில் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் ஆட்கள் எதிர்ப்பதென்றால் வரிசையில் நிற்பார்கள். திருடன் வருவான் என்றார் ஒருவர். இப்போது மட்டும் வளைவில் ஆதார் கார்டு காட்டிவிட்டா வருகிறான் என்று கேட்டேன். பைக் பறக்கும் என்றார் இன்னொருவர். குறுக்கே கல் நட்டால் ஆளும் சைக்கிளும்தான் போக முடியும் என்றாள் அந்தப் பெண். கடைசியில் செக்ரட்டரி சார் எழுந்து எல்லாரும் மனசில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"எல்லாம் சரி மேடம். பிள்ளையாரை என்ன பண்றது? அவரை எடுத்துட்டு வழி விடறதா? நாளைக்கு யாருக்காவது ஒண்ணுன்னா யார் பொறுப்பு?"

போச்சு, பிள்ளையாரப்பா, நீயே என் வேலைக்கு உலை வைத்துவிட்டாயே என்று நினைத்துக்கொண்டேன். கோபத்தில் ஏதாவது உளறியிருப்பேன். அதற்குள் மில் அக்கா பேசிவிட்டார்.

"சார், உங்க புள்ளையாரும் எங்க புள்ளையாரும் இத்தினி வருசமா கோச்சிகினு முதுக காட்டிகினு குந்தினு கீறாங்க. சொவுர எட்துட்டு ரெண்டு பேரையும் ஓரமா பக்கத்துல பக்கத்துல குந்த வெச்சா ரெட்டைப் புள்ளையாரு சார்! எம்மாம் விசேசம்! அவரு இன்னா, வேணாம்னா சொல்லப் போறாரு?"

பின் வரிசையிலிருந்து யாரோ கைதட்டினார்கள். பூஜை செய்ய வருகிற குருக்கள் அங்கேயே இருந்தார், மெதுவாக எழுந்தார். "தெரு முட்டறதுன்னுதான் அங்க வெச்சோம். முட்டலைன்னா ஓரமா வெக்கறதுல தோஷமே இல்லை. பாலாலயம் பண்ணி, முறையா எடுத்து வெச்சுடலாம்" என்றார். செக்ரட்டரி சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இரட்டைப் பிள்ளையார்னா நம்ம ஏரியாலயே வேற எங்கயும் இல்லை, இல்லையா?" என்று கேட்டார். அந்த வினாடியிலிருந்து, இது தன்னுடைய யோசனை என்றே பேச ஆரம்பித்துவிட்டார். பேசட்டுமே, எனக்கு என்ன?

மாநகராட்சியிலிருந்து வந்து அளந்தார்கள். அவர்கள் வரைபடத்தில் இரண்டு பக்கமும் தெரு என்றுதான் இருந்தது, எதிர்ப்பதற்கு ஆள் இல்லை. சுவரை இடித்த அன்று இரண்டு பக்கத்து ஜனமும் கூடிவிட்டது. எங்கள் பக்கத்திலிருந்து கொழுக்கட்டை, அந்தப் பக்கத்திலிருந்து அண்டா நிறையச் சுண்டல். முதல் கல் விழுந்து ஓட்டை தெரிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்த்து, "டாட்டா!" என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற செக்ரட்டரி சாரின் மனைவி, "தூசியா டீச்சர்?" என்று கேட்டார். தூசிதான் என்றேன்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் காலையில் இன்ஜின் சத்தத்தைவிடச் செருப்புச் சத்தம்தான் அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சீட்டில் பூனை குட்டி போட்டு, குட்டிகள் கண் திறக்கிற வரைக்கும் அவருக்குத் தெரியவே இல்லை. கொத்தமல்லிக்கு அடுப்பை அணைக்க வேண்டியதில்லை, சிம்மில் வைத்தால் போதும். ப்யூர்லி ரெசிடென்ஷியல் பெருமைக்காரர்கள்தான் சாயங்காலம் மில் பக்கத்து பஜ்ஜிக் கடையில் முதல் ஆளாக நிற்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்புப் பெண் மறுபடி வந்து, எல்லாரும் நடக்கிறார்களா என்று கேட்டுச் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனாள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டேன், நான் நடந்துபோன முதல் நாளைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

வழி திறந்த மறுநாள். தேர்வு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். காலையில் கேட்டில் ஹாரன் இல்லை. அவர் லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எத்தனை மாதம் கழித்து! இரண்டு பிள்ளையாரும் வழியோரத்தில் பக்கத்தில் பக்கத்தில், புதுத் துண்டோடு. மில் அக்கா, "இன்னா டீச்சரம்மா, ரைட்டா!" என்று கை ஆட்டினார். லாரி இல்லை, ஹாரன் இல்லை, இடதுபக்கம் பார்க்கத் தேவையே இல்லை. ஸ்டேஷனுக்கு எக்கச்சக்க முன்னதாகப் போய்விட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து, வேலை வெட்டி இல்லாதவள் மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். ட்ரெயின் வருகிற அறிவிப்பு வந்தபோதுதான் மடியைப் பார்த்தேன். டிபன் பாக்ஸ் இல்லை.

போகட்டும், ஒருநாள் பட்டினி என்று எழுந்தபோது படிக்கட்டில் ஒரு ஆள் ஓடி வருவது தெரிந்தது. லுங்கி, பனியனுக்கு மேல் பட்டன் போடாத சட்டை, வீட்டில் போடுகிற ஹவாய் செருப்பு. கையில் என் டிபன் பாக்ஸ். மூச்சு வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"இவ்ளோ கிட்டவா இருக்கு?" என்றார். ஏதோ நான்தான் இத்தனை நாள் அவரிடம் மறைத்து வைத்திருந்த மாதிரி.

"பிளாட்ஃபாரம் டிக்கெட் எடுத்தீங்களா?"

"அய்யய்யோ!" என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு டிபன் பாக்ஸை என் கையில் திணித்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ட்ரெயின் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அந்த லெட்டர் கிட்டர் எதுவும் எழுதிக் கொடுத்துடாதே. என்ன?" என்று ட்ரெயின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

ஏறிக்கொண்டேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். டிக்கெட் இல்லாத மனுஷர், டி.டி.இ. வந்துவிடுவாரோ என்ற பயம்கூட இல்லாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ட்ரெயின் போகிற வரைக்கும் அங்கேயே நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்றைக்கு அவசரம் ஒன்றும் இல்லை.